சிறந்த இயக்குநர் விருதுக்கு முதல் நாடகம்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

ஒத்திகை முடிந்து ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணே, நடிகருக்குப் பரிசு கொடுத்தா புரியுது. கதை எழுதினவருக்குக் கொடுத்தாலும் புரியுது. இயக்குநருக்கு எதைப் பார்த்துக் கொடுக்கிறாங்க? அந்த ஆளு மேடையிலேயே இல்லையே?”

“போய்ப் படுடா, நாளைக்கு உனக்கு மார்னிங் ஷிப்ட்” என்று அனுப்பிவிட்டேன். சட்டென்று பதில் வரவில்லை, அதுதான் உண்மை. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் இருபது வருஷமாகத் தோட்டத்து மண்டபங்களில் நாடகம் போடுகிறேன். நாலைந்து முறை நடுவர் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்து, முதன்முறையாக ஒரு மேடை நாடகத்தை இயக்கி வருடாந்தர விருதுக்கோ போட்டிக்கோ கொண்டுபோகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. ரப்பருக்கும் செம்பனைக்கும் நடுவில் இருந்துகொண்டு நாடகம் போடுகிறவர்களுக்குத்தான் இது.

முதலில் விதிமுறைத் தாள்

எல்லாரும் கதையில் தொடங்குகிறார்கள். நீங்கள் விதிமுறைத் தாளில் தொடங்குங்கள். ‘சிறந்த இயக்குநர்’ என்ற பெயர் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதற்குள் யார் நுழையலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

நியூயார்க்கின் டோனி விருதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரே அன்டோனெட் பெரி என்ற பெண்மணியின் நினைவாக வைத்தது; அவரும் நாடகம் இயக்கியவர்தான். 1947ல் விருது தொடங்கியபோதே இயக்கத்துக்குப் பரிசு இருந்தது. 1960ல்தான் வசன நாடகத்துக்கு ஒன்று, இசை நாடகத்துக்கு ஒன்று என்று பிரித்தார்கள். அந்த இரண்டு பரிசும் பெண் இயக்குநர்கள் கைக்கு முதன்முதலாகப் போனது 1998ல், இரண்டும் ஒரே இரவில். எல்லாம் சரி, ஆனால் 500 இருக்கைக்குக் குறையாத பிராட்வே அரங்கில் நடந்த நாடகம் மட்டும்தான் கணக்கு. 499 இருக்கை அரங்கில் உலகமே வியக்கும்படி இயக்கினாலும் டோனி கிடையாது. அதே ஊரில் டிராமா டெஸ்க் என்று இன்னொரு விருது இருக்கிறது. அதில் பெரிய அரங்கும் சின்ன அரங்கும் ஒரே வரிசையில் நிற்கும். லண்டனில் 1976ல் தொடங்கி, 1984ல் நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் பெயரைச் சூட்டிக்கொண்ட விருதின் நடுவர் குழுவில் நாடகத் துறைக்காரர்களோடு பொதுமக்களில் சிலரும் உட்காருகிறார்கள். டெல்லியில் 2006லிருந்து மகிந்திரா நிறுவனம் நடத்தும் மெட்டா விருதுக்கு முதலில் காணொளிப் பதிவு போக வேண்டும்; அதிலிருந்து பத்து நாடகங்களைப் பொறுக்கி டெல்லிக்கு வரவழைத்து, நடுவர் முன்னால் நேரில் போடச் சொல்கிறார்கள். சென்னையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவுக்குப் புது நாடகம் வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். ஜே.கே.கே.என். என்று எல்லாரும் சொல்லும் தேசியக் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் நாடக விழாவில் மாநிலச் சுற்றைத் தாண்டினால் தேசியச் சுற்று. மொழி மலாய். இயக்குநர் பரிசின் பெயர் ‘பெங்காரா தெர்பாய்க்’. கோலாலம்பூரில் 2002ல் காக்கிசெனி என்ற கலை இணையதளம் தொடங்கிய கேமரோனியன் கலை விருதிலும் நாடக இயக்கத்துக்குத் தனி இடம் வைத்தார்கள். அதற்குப் பணம் போட்டது ‘போ’ (BOH) என்ற தேயிலைக் கம்பெனி. தோட்டக் கம்பெனி பேரில் நாடக விருதா என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிரிப்பார்கள். பத்து நிமிட நாடகங்களுக்கென்று 2002ல் சிட்னியில் முளைத்த ஷார்ட் அண்ட் ஸ்வீட் போட்டி, செந்தூலில் பழைய ரயில்வே கட்டடத்தில் இருக்கும் கே.எல்.பேக் அரங்கு வரைக்கும் வந்திருக்கிறது. முதல்முறை இயக்குகிறவருக்குப் பத்து நிமிடம் நல்ல அளவு. நாற்பது நிமிடத்தில் செய்கிற தவறை எல்லாம் பத்து நிமிடத்திலேயே செய்து முடித்துவிடலாம்.

இவை போக நம் மன்றங்கள், கோயில்கள், பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் தமிழ் நாடகப் போட்டிகள். இவற்றின் விதிமுறை பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வரும் ஒரே பக்கம். அந்த ஒரு பக்கத்தையும் பென்சிலோடு படியுங்கள். எந்த மொழி, எத்தனை நிமிடம், கதை புதிதாக இருக்க வேண்டுமா, நடுவர் நேரில் வருகிறாரா காணொளியில் பார்க்கிறாரா. இது எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைத் தொலைபேசியிலாவது கேட்டுவிடுங்கள்: இயக்கத்துக்குத் தனி மதிப்பெண் உண்டா? சில போட்டிகளில் முதல் பரிசு வாங்கிய நாடகத்தின் இயக்குநரே சிறந்த இயக்குநர், அவ்வளவுதான். அது இயக்கத்துக்கான விருது இல்லை, கோப்பையோடு கொசுறு. கலந்துகொள்ளக் கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு போங்கள்.

கதைக்கு ஒரு கடிதம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் எழுதிய கதை என்றால் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம் வேண்டும். “தாராளமா போடுங்க தம்பி” என்று கல்யாண வீட்டில் சொன்னது அனுமதி ஆகாது. மலேசியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 50 ஆண்டு வரைக்கும் உரிமை அவர் குடும்பத்துக்கு. இந்தியாவில் 60 ஆண்டு. தமிழ்நாட்டுக் கதையை எடுத்து இங்கே போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. கடிதத்தில் எத்தனை முறை மேடையேற்றலாம், எந்தப் போட்டி, காணொளியை இணையத்தில் போடலாமா என்பதையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்.

ஆறு பேருக்கு மேல் நடிகர் கேட்கும் கதையை முதல்முறை தொடாதீர்கள். நம் ஊரில் நடிகர் என்றால் ஒருவர் தொழிற்சாலையில் ஷிப்ட், ஒருவர் லாரி, ஒருவர் ஆறாம் படிவ மாணவி. பன்னிரண்டு பேரையும் ஒரே ராத்திரியில் ஒரே மண்டபத்தில் நிறுத்திப் பார்க்கும் பாக்கியம் பரிசளிப்பு நாளில்தான் கிடைக்கும்.

நடுவர் எதைப் பார்க்கிறார்

தம்பி கேட்ட கேள்விக்கு இங்கேதான் பதில். ஒரு நாடகத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு 1948 ஜூன் 16 தெரிந்த தேதி. அன்று காலை எல்பில் தோட்ட அலுவலகத்தில் வாக்கர் என்ற வெள்ளைக்காரத் தோட்டத் துரையைச் சுட்டார்கள். சைக்கிளில் வந்தவர்கள். சிறிது நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் இன்னும் இரண்டு துரைகள். அதையொட்டித்தான் நாட்டில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. இதை வைத்து நான் நாலு நாடகமாவது பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒருவர் உள்ளே ஓடி வந்து பட்டாசைக் கொளுத்துவார், ‘டமார்’ என்று சத்தம், எல்லாரும் “ஐயோ துரையைச் சுட்டுட்டாங்க” என்று அலறுவார்கள்.

ஒரு வருஷம் நான் நடுவராக இருந்த போட்டிக்கு ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை இதே கதையைக் கொண்டுவந்தார். காட்சி நடப்பது அலுவலகத்தில் இல்லை, ஆயாக் கொட்டகையில். ரப்பர் பால் வெட்டுக்குப் போன பெண்களின் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு கிழவி. கம்பில் சேலைத் தொட்டில். திரைக்குப் பின்னால் கிராணி (தோட்ட அலுவலக எழுத்தர்) தட்டச்சு அடிக்கும் சத்தம் டக், டக், டக் என்று நாடகம் தொடங்கியதிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு நிமிடத்தில் காது அதை மறந்துவிடுகிறது. கிழவி தொட்டிலை ஆட்டுகிறாள், பக்கத்தில் ஒரு சிறுமியோடு வெற்றிலைப் பெட்டிக்காகச் சண்டை போடுகிறாள், சபை சிரிக்கிறது. திடீரென்று தட்டச்சு நின்றுவிடுகிறது. யாரும் எதுவும் பேசவில்லை. கிழவியின் கை தொட்டிலை இன்னும் இரண்டு தடவை ஆட்டுகிறது, மூன்றாவது தடவை பாதியில் நிற்கிறது. சிறுமி, “ஆயா, தண்ணி” என்கிறாள். வெளியே ஒரு சைக்கிள் மணி.

முந்நூறு பேர் இருந்த மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் எனக்குக் கேட்டது.

கதையில் அந்த இடத்தில் எழுதியிருந்தது வேறு. பிரதி எங்கள் கையில் இருந்தது: “வெளியே துப்பாக்கி வெடிக்கிறது. எல்லாரும் அலறுகிறார்கள்.” அந்த ஒரு வரிக்கும் மேடையில் நடந்ததற்கும் நடுவில் இருக்கிற தூரம் முழுக்க இயக்குநருடையது. தட்டச்சை முதல் நிமிடத்திலேயே தொடங்கியது, அதை மறக்க வைத்தது, சிரிப்பை அந்த இடத்தில் வைத்தது, கிழவியின் கையை உடனே நிறுத்தாமல் இரண்டு ஆட்டம் விட்டது. நடிகைக்கு அதில் பங்கு உண்டு, எழுதியவருக்கும் உண்டு. ஆனால் முடிவெடுத்தது மூன்றாவது ஓர் ஆள். அந்த ஆளைத்தான் நடுவர் தேடுகிறார்.

நான் தேடும் முறை எளிது. வசனம் பேசுகிறவரைப் பார்க்க மாட்டேன். பேசாமல் நிற்கிறவரைப் பார்ப்பேன். தன் முறை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறாரா, அந்த வீட்டில் வாழ்கிறாரா? ஒளி மாறும்போது காரணத்தோடு மாறுகிறதா, சுவிட்ச்போர்டு தம்பிக்குத் தோன்றியபோது மாறுகிறதா? நடிகர் ஐந்து பேரும் ஒரே நாடகத்தில் இருக்கிறார்களா, இல்லை ஒருவர் சினிமாவிலும் ஒருவர் கோயில் சொற்பொழிவிலும் இருக்கிறார்களா? கடைசியாகச் சொன்ன இடத்தில்தான் முதல்முறை இயக்குநர்கள் அதிகம் விழுகிறார்கள். குழுவில் ஒரு பழைய நடிகர் இருப்பார், ஊரே அவருக்குக் கைதட்டும், அவரிடம் போய் “அண்ணே கொஞ்சம் குரலைக் குறைங்க” என்று சொல்லப் பயம். சொல்லுங்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், எல்லார் முன்னாலும் வேண்டாம்.

இனி அந்த ஆசிரியையின் கதையின் மிச்சம். என் பக்கத்தில் இருந்த நடுவர் தாளில் என்ன எழுதினார் தெரியுமா? “துப்பாக்கிச் சத்தம் வரவில்லை. ஒலிக் கோளாறு.” மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டார். வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. ஆசிரியைக்கு இரண்டாம் இடம். இன்றைக்கும் எனக்கு அந்த வருத்தம் உண்டு. ஆனால் அவரும் ஒன்று செய்திருக்கலாம், அதைத்தான் அடுத்துச் சொல்கிறேன்.

இரண்டு தாளும் ஒரு நோட்டும்

நடுவரிடம் கொடுக்க இரண்டு தாள். ஒன்று இயக்குநர் குறிப்பு, அரைப் பக்கம். அதில் கதைச் சுருக்கம் எழுதாதீர்கள், தமிழ்த்தாய் வாழ்த்தும் வேண்டாம். இந்தக் கதையை எங்கே வைத்துப் பார்த்தேன், ஏன் என்று மட்டும். “சுடப்பட்டவரைக் காட்டாமல், அந்தச் சத்தம் கேட்ட தூரத்தில் இருந்தவர்களைக் காட்ட விரும்பினேன்” என்று ஒரு வரி போதும். இன்னொன்று தொழில்நுட்பத் தாள்: “ஒலி: தட்டச்சு, தொடக்கம் முதல் 11ஆம் நிமிடம் வரை. சைக்கிள் மணி, 11ஆம் நிமிடம். வேறு ஒலி இல்லை.” அந்தக் கடைசி மூன்று சொல் இருந்திருந்தால் ‘ஒலிக் கோளாறு’ என்று எழுதிய பேனா நின்றிருக்கும். நாடகத்தின் ரகசியமும் வெளியே போகாது. மலாய் பேசும் நடுவர் வருகிறார் என்றால் இரண்டு தாளையும் மலாயிலும் கொடுங்கள். மொழிபெயர்ப்பைப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள், கூகுளை நம்பி மோசம் போகாதீர்கள்.

நோட்டு உங்களுக்கு. நீளமான நோட்டுப் புத்தகம் வாங்கி, வசனப் பிரதியை இடது பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வலது பக்கத்தில் யார் எங்கிருந்து எங்கே நகர்கிறார், எந்தச் சொல்லில் ஒளி மாறுகிறது, எந்தச் சொல்லில் சத்தம் வருகிறது என்று பென்சிலில் எழுதுங்கள். பேனா வேண்டாம், நூறு தடவை மாற்றுவீர்கள். நடுவர் கேள்வி கேட்கும் போட்டிகளில் இந்த நோட்டைக் கையில் வைத்திருக்கிறவர் தடுமாறுவதில்லை. “ஏன் கிழவி இடது பக்கம் உட்கார்ந்தாள்?” என்று கேட்டால், “வாசல் வலது பக்கம், அவள் வாசலைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்கணும்னு” என்று பதில் வரும். ‘சும்மா தோணுச்சு’ என்று சொன்னவருக்கு இயக்கத்தில் ஏழுக்கு மேல் போட்ட நடுவரை நான் பார்த்ததில்லை.

அடுத்தவர் நாடகத்தைப் பார்த்து அரைப் பக்கம் எழுதிப் பழகுங்கள். வெளியிட வேண்டாம், உங்களுக்கு மட்டும். கிருஷன் ஜித் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர், 1984ல் ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் என்ற கலைக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2005ல் மறையும்வரை இந்த நாட்டு நாடக மேடையில் பெரிய பெயர். அவர் இயக்கினார், கூடவே பல ஆண்டுகள் நாளிதழில் நாடகப் பத்தியும் எழுதினார். அடுத்தவர் மேடையில் எது ஏன் நடக்கிறது என்று எழுதிப் பார்த்த கைக்குத் தன் மேடையில் ஓட்டை சீக்கிரம் தெரியும்.

நாள் கணக்கு

போட்டித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி வாரம் முழு ஒத்திகை மட்டும், புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. அதற்கு முந்தைய இரண்டு வாரம் ஒளி ஒலியோடு. அதற்கு முன்னால் ஐந்து வாரம் காட்சி காட்சியாக. ஆக, எட்டு வாரம். இதில் தோட்டத்துக் கோயில் திருவிழா விழுந்தால் அந்த வாரத்தை அப்படியே அடித்துவிடுங்கள். திருவிழா வாரத்தில் ஒத்திகை வைத்த இயக்குநருக்கு நடிகரும் வரமாட்டார், அம்மனும் துணை இருக்கமாட்டாள்.

ஷிப்ட் அட்டவணையை முதல் நாளே எல்லாரிடமும் வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவரிடம் அழுகைக் காட்சி ஒத்திகை பார்க்காதீர்கள். நன்றாகத்தான் அழுவார், ஆனால் மேடையில் அது திரும்ப வராது. ஆறாம் படிவப் பிள்ளையை இரவு பத்து மணிக்குள் வீட்டில் கொண்டுபோய் விடுங்கள், அவள் அம்மாவிடம் நீங்களே முகம் காட்டிவிட்டு வாருங்கள். பெற்றோர் நம்பிக்கை போனால் அடுத்த வருஷம் ஊரில் ஒரு பெண் பிள்ளையும் நாடகத்துக்கு வராது.

மண்டபம், மழை, அனுமதி

சிறு ஊர் மண்டபம் நாடகத்துக்குக் கட்டியது கிடையாது. பூப்பந்துக் கோடு போட்ட தரை, தகரக் கூரை, நான்கு குழல் விளக்கு. பேராக்கில் மாலை மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு முறை காணொளி அனுப்பும் போட்டிக்காகக் கடைசி ஒத்திகையைப் படம் பிடித்தோம். நாற்பது நிமிடமும் தகரத்தில் மழை. நடிகர் வாய் அசைகிறது, சத்தம் மட்டும் மழையுடையது. காலக்கெடு மறுநாள். அதையே அனுப்பினோம், பதில்கூட வரவில்லை.

அதிலிருந்து படிப்பினை: பதிவைக் காலையில் வையுங்கள், மழைக்கு ஒதுக்கு நாள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை நடு வரிசையில், உட்கார்ந்திருப்பவர் கண் உயரத்தில், முக்காலியில் நிறுத்தி மேடை முழுவதும் தெரியும்படி வையுங்கள். இயக்கத்துக்கு மதிப்பெண் கேட்கிறவர்கள் முகத்தை நெருக்கி எடுத்த துண்டுகளை விரும்புவதில்லை; பேசாதவர் என்ன செய்கிறார் என்பது அதில் தெரியாது. வெட்டி ஒட்டவும் வேண்டாம். சத்தத்துக்கு மேடை விளிம்பில் இன்னொரு கைபேசியை வைத்துத் தனியாகப் பதிவு செய்துவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், வேர்க்கட்டும்.

சபை வைத்துப் போடுவதென்றால் அனுமதியை மறக்காதீர்கள். கேளிக்கைச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் தனி. பேராக்கில் வாங்கியதைக் காட்டி சிலாங்கூரில் போட முடியாது. சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. கதைச் சுருக்கத்தை மலாயில் எழுதி, நடிகர் பட்டியலோடு, மண்டபம் பதிவு செய்த ரசீதோடு நேரில் போய், இன்னும் என்ன தாள் வேண்டும் என்று கேளுங்கள். இதை ஒத்திகை தொடங்கும் வாரமே செய்துவிடுங்கள். 1948 மாதிரிக் கதை என்றால் இன்னும் முன்கூட்டியே.

அன்றைய தினம்

ஒன்றே ஒன்று: நேரம். ஒரு போட்டியில் எங்கள் நாடகம் நாலு நிமிடம் கூடிவிட்டது. ஒத்திகையில் சரியாக முப்பது நிமிடம். சபை சிரித்த இடங்களை நான் கணக்கில் எடுக்கவில்லை. மணி அடித்துவிட்டார்கள், கடைசிக் காட்சியில் அப்பா வேடக்காரர் உயிரை விடாமலேயே திரை விழுந்தது. முப்பது நிமிடப் போட்டிக்கு இருபத்தாறு நிமிட நாடகம் கொண்டுபோங்கள். மேடைப் பொருளை ஏற்றவும் இறக்கவும் எவ்வளவு நேரம் தருகிறார்கள் என்பதையும் கேட்டு, வீட்டு முற்றத்தில் கடிகாரம் வைத்து அதையும் ஒத்திகை பாருங்கள். நாடகம் ஓடும்போது நீங்கள் பக்கவாட்டில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்காதீர்கள். கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். கஷ்டம்தான்.

முடிவு அறிவித்த பிறகு

வென்றால் நன்றி சொல்லும்போது ஒளிக்காரரையும் ஒலிக்காரரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தோற்றால் அன்றைக்கே நடுவரைப் பிடித்துக் கேள்வி கேட்காதீர்கள். எங்கள் குழு ஒரு முறை வாகனம் நிறுத்துமிடம் வரைக்கும் பின்னால் போய்ச் சண்டை போட்டது, இரண்டு வருஷம் யாரும் எங்களை அழைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ஏற்பாட்டாளரிடம் மதிப்பெண் தாளை மரியாதையாகக் கேளுங்கள். பாதிப் பேர் தருவார்கள். இயக்கத்துக்கான வரிசையை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கடன் வாங்கிய பொருள் ஒவ்வொன்றிலும் யாருடையது என்று சீட்டு ஒட்டியிருந்தால் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடலாம். நாங்கள் ஒட்டவில்லை. போன வருஷ நாடகத்துத் தொட்டில் சேலை இன்னும் என் கார் பூட்டில் கிடக்கிறது. ஈவுட் பக்கத்து அக்கா ஒருவருடையது என்று நினைக்கிறேன், இந்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்க வேண்டும்.